புவி வெப்பமாதல்: "எல்லோருக்கும் பொறுப்பு" என்றால் யாருக்கு எவ்வளவு?

மாலைவெயில் (இழையைத் தொடங்கியவர்)

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் கட்டுரைப் போட்டி, தலைப்பு புவி வெப்பமாதல். "இதற்கு மனிதர்கள் அனைவரும் சமமாகப் பொறுப்பு" என்று எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, பாட்டியுமா?"

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. வண்டி ஓட்டியதில்லை, விமானம் ஏறியதில்லை. அவர் அறையில் இருப்பது ஒரே ஒரு மின்விசிறி, அதையும் பாதி ராத்திரியில் குளிர்கிறது என்று நிறுத்திவிடுவார். "ஆமாம், பாட்டியும்தான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்லை" என்று சொன்னால் "அப்போ யாரு?" என்று அடுத்த கேள்வி வரும்.

கூட்டுப் பொறுப்பு, கூட்டுப் பொறுப்பு என்கிறார்கள். கூட்டு என்றால் பங்கு பிரிக்க வேண்டும் அல்லவா? எதை வைத்துப் பிரிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மரம் நடுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள், அது அவள் கட்டுரையில் ஏற்கெனவே மூன்று இடத்தில் வருகிறது.

---

தனிமரம்

என் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மரம் நடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இப்படிப் பங்கு பிரிக்கத் தொடங்கினாலே வேலை நின்றுவிடும் என்பது என் எண்ணம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். "நீ முதலில் இழு" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றால் தேர் நிலையிலேயே நிற்கும். பாட்டியும் வடத்தில் ஒரு கை வைக்கட்டும், அதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

---

கணக்கன்

வடம் பிடிக்கிறவர்களை எண்ணிவிட்டீர்கள், சரி. தேர்மேல் உட்கார்ந்திருப்பவர்களை யார் எண்ணுவது?

மாலைவெயில், உங்கள் மகளின் கேள்வி சரியான கேள்வி. உலக நாடுகள் முப்பது வருடத்துக்கு மேலாக இதைத்தான் கேட்டுச் சண்டை போடுகின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாவற்றையும் எரித்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியே விடுகிறோம். இதை யார் பேரில் எழுதுவது என்பதற்குப் பல பேரேடுகள் இருக்கின்றன. அவரவருக்குச் சாதகமான பேரேட்டை அவரவர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இந்த ஆண்டு யார் அதிகம் விட்டார் என்று பார்த்தால் சீனா, உலக மொத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்கா சுமார் 13 சதவீதம், இந்தியா சுமார் 8. அமெரிக்க அரசியல்வாதிகளுக்குப் பிடித்த பேரேடு இது.

தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஓர் அமெரிக்கருக்கு சுமார் 14 டன், சீனருக்கு 8, இந்தியருக்கு 2. உலகச் சராசரி 5 டன்னுக்குக் கொஞ்சம் கீழே. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் ஒரு டன்கூட வராது. இது இந்தியாவுக்குப் பிடித்த பேரேடு. ஒரு காலத்தில் சீனாவுக்கும் பிடித்திருந்தது, இப்போது அவ்வளவாக எடுப்பதில்லை, ஏனென்றால் தலைக்கணக்கில் அவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தைத் தாண்டிவிட்டார்கள்.

1850இலிருந்து மொத்தமாகக் கூட்டினால் அமெரிக்கா மட்டும் நாலில் ஒரு பங்கை நெருங்குகிறது. பிரிட்டனையும் சேர்த்து ஐரோப்பிய ஒன்றியம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். சீனா சுமார் 15 சதவீதம். இந்தியா 3 அல்லது 4.

இன்னொன்றும் உண்டு. பொருளைச் செய்கிற நாட்டின் பேரில் எழுதுவதா, வாங்கி அனுபவிக்கிற நாட்டின் பேரிலா? இறக்குமதியைச் சேர்த்துப் பார்த்தால் சுவிட்சர்லாந்து போன்ற நாட்டின் கணக்கு இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். மலைக்காற்றும் சுத்தமாக இருக்கும், புகையும் வேறு நாட்டில் இருக்கும்.

நாட்டை விட்டுவிட்டுக் குடும்பங்களாகப் பார்ப்பது எனக்குப் பிடித்த முறை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் மிக அதிகமாக வெளியேற்றும் 10 சதவீதக் குடும்பங்களின் பங்கு 34 முதல் 45 சதவீதம். அடிமட்டத்தில் இருக்கும் பாதி உலகம் மொத்தமும் சேர்ந்து 13 முதல் 15 சதவீதம். மேலே இருக்கும் பத்தில் பணக்கார நாட்டின் நடுத்தர வர்க்கமும் வரும், ஏழை நாட்டின் பணக்காரரும் வருவார். உங்கள் அம்மா எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

---

மாலைவெயில்

நன்றி கணக்கன். ஆனால் 1850 கணக்கு எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. கொள்ளுத்தாத்தா செய்ததற்குக் கொள்ளுப்பேரனை எப்படிப் பிடிப்பது? அவருக்கு இது தெரிந்திருக்கவும் நியாயமில்லையே.

---

சந்தேகப்பேர்வழி

எல்லோரும் கணக்கு எழுதுகிறீர்கள், கடன் உண்மைதானா என்று யாரும் கேட்கவில்லை. பூமி எத்தனையோ முறை சூடாகியிருக்கிறது, குளிர்ந்திருக்கிறது. சூரியன் மாறினால் பூமியும் மாறும்.

அப்புறம், எங்கோ ஒரு பதிவில் படித்தேன், ஒரு லிட்டர் பெட்ரோல் எரித்தால் 2.3 கிலோ கரியமில வாயு வருமாம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே ஒரு கிலோ கிடையாது! பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா? இந்த மாதிரிக் கணக்கை வைத்துத்தான் பாட்டியிடம் வசூலுக்குப் போகிறீர்கள்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி சந்தேகப்பேர்வழி, உங்கள் சந்தேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. முப்பது வருடம் வேதியியல் நடத்தினேன், வருடா வருடம் ஒரு பையனாவது இதையே கேட்பான். கேட்காத வருடம் எனக்குத்தான் ஏமாற்றமாக இருக்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதில் கார்பன் மட்டும் சுமார் 640 கிராம். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுவைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் அணு எடை 12, ஆக்சிஜன் இரண்டும் சேர்ந்து 32, ஆக மொத்தம் 44. 640ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்துப் பாருங்கள், 2,300க்கு மேல் வரும். கூடுதல் எடை பெட்ரோலிலிருந்து வந்ததல்ல, காற்றிலிருந்து வந்தது.

வகுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை ஒரு பையனின் இரு கையிலும் கொடுத்துவிட்டு, "உன் அப்பா ஒரு லிட்டர் பெட்ரோல் தீரக் காரில் போய்வந்தால் இந்த எடைக்கு மேல் காற்றில் விட்டுவிட்டு வருகிறார்" என்பேன். பையன் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நிற்பான். புகைக்கு எடை உண்டு என்று அதுவரை அவனுக்குத் தோன்றியிருக்காது. நமக்கும்தான்.

சூரியனுக்கு வருவோம். சூரியன்தான் காரணம் என்றால் காற்றுமண்டலம் கீழிருந்து மேல்வரை சூடாக வேண்டும். நடப்பது அப்படி இல்லை. தரைக்கு அருகிலுள்ள அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலிருக்கும் ஸ்ட்ரடோஸ்பியர் குளிர்கிறது. வெப்பத்தைக் கீழேயே பிடித்து வைக்கிறது ஏதோ ஒன்று என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம். காற்றில் கூடியிருக்கும் கார்பன் எங்கிருந்து வந்தது என்பதற்கும் தடயம் உண்டு. பல கோடி வருடம் மண்ணுக்கடியில் கிடந்த எரிபொருளில், காலப்போக்கில் தானாகச் சிதைந்து மறையும் கார்பன்-14 என்ற கார்பன் வகை துளியும் மிஞ்சியிருக்காது. நாம் அதை எரிக்க எரிக்க, காற்றிலிருக்கும் கார்பன்-14இன் விகிதம் நீர்த்துக்கொண்டே வருவதை அளந்திருக்கிறார்கள்.

மாலைவெயில் கேட்டதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய கணக்கை ஏன் கிளற வேண்டும் என்றால், வாயு பழையதானாலும் போய்விடுவதில்லை. வெளியே விட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே தங்குகிறது, அதில் ஒரு பகுதி ஆயிரம் வருடம் கடந்தும் இருக்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறில் கரியமில வாயு 280 ஆக இருந்தது. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வெப்பநிலை ஏறுவது இந்த வருடம் விட்டதை மட்டும் பார்த்து அல்ல, இதுவரை விட்ட மொத்தத்தைப் பார்த்து. ஒரு லட்சம் கோடி டன்னுக்குச் சுமார் 0.45 டிகிரி. இதுவரை விட்டது 2.4 லட்சம் கோடி டன்னுக்கும் மேல், காடழித்ததையும் சேர்த்து.

---

கணக்கன்

வாத்தியார் ஐயா சொன்னதற்கு ஒரு வால். "கொள்ளுத்தாத்தாவுக்குத் தெரியாது" என்பது பாதிதான் சரி. கரியமில வாயு நிறைந்த குழாய் வெயிலில் மற்றதைவிட அதிகம் சூடாகிறது என்று அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் 1856இலேயே சோதித்து எழுதிவிட்டார். 1896இல் ஸ்வீடனில் அரீனியஸ், இந்த வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். ஆனால் இவையெல்லாம் ஆய்வுத் தாளில் இருந்தன, நிலக்கரி அள்ளியவருக்குத் தெரிந்திருக்காது என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

விஷயம் அதுவல்ல. இதுவரை எரித்த எரிபொருளால் வந்த வாயுவில் பாதிக்கு மேல் 1990க்குப் பிறகு வந்தது. கொள்ளுத்தாத்தா இல்லை ஐயா, நாம்தான். தெரிந்து, மாநாடு போட்டு, அறிக்கை படித்து, அதற்கப்புறமும் எரித்த பாதி அது.

---

சந்தேகப்பேர்வழி

பெட்ரோல் கணக்கு புரிந்தது, அதை வாபஸ் வாங்குகிறேன். மற்றதை யோசிக்கிறேன். மாறிவிட்டேன் என்று யாரும் அறிவிக்க வேண்டாம்.

---

நெடுஞ்சாலை

இவ்வளவு கணக்கும் வீண். உலகத்தின் வெளியேற்றத்தில் 71 சதவீதத்துக்கு 100 நிறுவனங்கள்தான் காரணம். நம்மிடம் துணிப்பை கொண்டுவா, விளக்கை அணை என்பதெல்லாம் திசைதிருப்பும் வேலை. "உன் கார்பன் தடம் எவ்வளவு?" என்று தனிமனிதனைக் கேட்கவைத்துப் பரப்பியதே பிபி எண்ணெய் நிறுவனம்தான். 2004வாக்கில் இணையத்தில் கணக்குப் போடும் கருவி வைத்து விளம்பரம் செய்தார்கள். திருடனே வீட்டுக்காரனிடம் "பூட்டு சரியாகப் போட்டாயா?" என்று கேட்ட கதை.

---

கணக்கன்

பிபி கதை உண்மை. 71 சதவீதம் பாதி உண்மை, பாதி உண்மைதான் எப்போதும் தொல்லை.

அது 2017இல் வந்த அறிக்கை. 1988க்குப் பிறகு தொழில்துறை வெளியேற்றத்தில் 71 சதவீதத்தை 100 எரிபொருள் உற்பத்தியாளர்களின் பேரில் எழுதியது. அந்த நூறில் தனியார் எண்ணெய் கம்பெனிகள் மட்டுமில்லை, அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களும் உண்டு, சீன நிலக்கரித் துறை மொத்தமும் ஒரே வரியாக உண்டு. முக்கியமானது இது: அதில் ஏறத்தாழ 90 சதவீதம் அவர்கள் தோண்டி விற்றதை வாங்கியவர்கள் எரித்தது. உங்கள் வண்டிப் புகையும் என் வண்டிப் புகையும் அந்த 71க்குள்தான் இருக்கிறது. அவர்கள் பேரிலும் எழுதலாம், நம் பேரிலும் எழுதலாம். ஒரே டன்னை இரண்டு பேரேட்டிலும் எழுதிவிட்டு, "என் பேரேட்டில் இல்லை" என்று இரண்டு பேருமே கையைத் துடைத்துக்கொள்ள முடியாது.

---

நெடுஞ்சாலை

சரி அண்ணா, ஆனால் எனக்கு வேறு வழி இருந்து நான் பெட்ரோலைத் தேர்ந்தெடுத்தேனா? பேருந்து வராத இடத்தில் வண்டி வாங்கியவனைக் குற்றவாளி ஆக்காதீர்கள். 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. விமானம் இல்லை, அலுவலகம் இல்லை, ஊர்வலம் இல்லை. அந்த ஆண்டு வெளியேற்றம் எவ்வளவு குறைந்தது? சுமார் 5 சதவீதம்! மீதி 95ஐ யார் விட்டார்கள்? நாங்கள் எல்லோரும் வீட்டில்தானே இருந்தோம்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

இந்தத் தம்பி நல்ல இடத்தில் கை வைத்தார். மின் நிலையம் ஓடியது, உருக்காலையும் சிமெண்ட் ஆலையும் பெரும்பாலும் ஓடின. சிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே கரியமில வாயு வரும், எரிபொருள் எதுவானாலும் வரும், கல்லுக்குள்ளேயே இருக்கிறது அது. உலக வெளியேற்றத்தில் சிமெண்ட் மட்டும் 7, 8 சதவீதம். இதில் வீட்டில் விளக்கை அணைப்பவர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அதற்காக விளக்கை எரியவிடுங்கள் என்று சொல்லவில்லை. அறையை விட்டு வெளியே போகும்போது அணையுங்கள், அது வேறு விஷயம்.

---

அலைகடல்

கப்பலில் இன்ஜின் பிரிவில் இருக்கிறேன். நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாட்டுக்கு நாடு கணக்கு எழுதுகிறீர்களே, சர்வதேசக் கப்பல் எரிக்கும் எண்ணெய் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது தெரியுமா? தனி வரியாக ஓரத்தில் குறித்து வைப்பார்கள். சர்வதேச விமானத்துக்கும் அப்படித்தான். கப்பல் போக்குவரத்து மட்டும் உலக வெளியேற்றத்தில் சுமார் 3 சதவீதம். சரக்கை ஏற்றியவர் ஒரு நாடு, வாங்குபவர் ஒரு நாடு, கப்பல் முதலாளி ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு. புகை யாருடையது?

சர்வதேசக் கடல்சார் அமைப்பில் இதற்குக் கட்டணம் போட ஒரு திட்டம் வந்தது, 2025 அக்டோபரில் வாக்கெடுப்பை ஒரு வருடம் தள்ளி வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

---

கூலிங்மணி

நான் ஏசி மெக்கானிக், பதினெட்டு வருடமாக இந்தத் தொழில். இந்த இழையை முழுக்கப் படித்தேன். எல்லோரும் புகையைப் பற்றியே பேசுகிறீர்கள், என் தொழிலில் புகையே வராத ஒன்று இருக்கிறது.

ஏசிக்குள் இருக்கும் கேஸ். பலர் அதை வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி நினைக்கிறார்கள், ஓட ஓடத் தீரும், வருடத்துக்கு ஒரு முறை போட வேண்டும் என்று. தீராது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிற பொருள். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிந்தது எங்கே போகும்? மேலேதான்.

ஆர்-410ஏ என்று ஒரு கேஸ், லட்சக்கணக்கான ஏசியில் இருக்கிறது. அது ஒரு கிலோ காற்றில் கலந்தால் நூறு வருடக் கணக்கில் சுமார் 2,088 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். வாத்தியார் சார் சொன்ன பெட்ரோல் கணக்கிலேயே போட்டுப் பார்த்தேன், ஏறத்தாழ 900 லிட்டர் பெட்ரோல். வீட்டு ஏசி ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். தொழில் கற்றுக்கொண்ட நாளில் ஏசியைக் கழற்ற வேண்டுமென்றால் நட்டைத் தளர்த்தி உஸ்ஸென்று வெளியே விடுவோம். கையில் பட்டால் சுரீர் என்று குளிரும், அதுவே எங்களுக்கு விளையாட்டு. அதைத் தப்பு என்று அன்று யாரும் சொல்லித்தரவில்லை. முறையாகச் செய்ய வேண்டுமானால் ஏசியை ஓடவிட்டு வால்வை அடைத்து கேஸ் முழுவதையும் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து நிறுத்த வேண்டும், பம்ப் டவுன் என்போம். ஐந்து நிமிட வேலை. கம்ப்ரஸர் போய்விட்டால் அதுவும் முடியாது, ரெகவரி மெஷின் வைத்து சிலிண்டரில் பிடிக்க வேண்டும். மெஷின் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

கஸ்டமரும் சேர்த்திதான். "கசிவைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் போட்டுப் பார்க்க வேண்டும், அரை நாள் ஆகும்" என்றால் "அதெல்லாம் வேண்டாம், கேஸை மட்டும் போட்டுவிட்டுப் போங்க" என்பார்கள். நானும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், எத்தனை வீட்டில் என்று எண்ணினால் தூக்கம் வராது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதானே அது.

புதிதாக வருகிற ஆர்-32 இதில் மூன்றில் ஒரு பங்குதான் சூடேற்றும். ஆர்-290 என்பது புரோப்பேன், சூடேற்றுவது மிகக் குறைவு, ஆனால் தீப்பிடிக்கும், கவனமாகக் கையாள வேண்டும். எதைப் போடுவது என்று கம்பெனியும் அரசாங்கமும்தான் முடிவு செய்யும். உஸ்ஸென்று விடுவதா, பிடிப்பதா என்பது என் கையில் இருக்கிற ஸ்பானர்.

---

மாலைவெயில்

மணி அண்ணே, இதை மகளிடம் படித்துக் காட்டினேன். "900 லிட்டரா?" என்று அவளே கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். 908 வருகிறதாம்.

---

வழக்காடி

கூலிங்மணி அண்ணனின் பதிவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பொறுப்பை உருப்படியாகப் பங்கு பிரித்த ஒரே பெரிய ஒப்பந்தம் அந்த கேஸ் விஷயத்தில்தான் நடந்தது.

1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை. ஓசோன் படலத்தை அரித்த வாயுக்களை நிறுத்துவதற்கு. அதில் என்ன செய்தார்கள் என்றால், பணக்கார நாடுகள் முதலில் நிறுத்த வேண்டும், வளரும் நாடுகளுக்குப் பத்து வருட அவகாசம், மாறுவதற்கான செலவுக்குத் தனி நிதி. எல்லோருக்கும் கடமை, ஆனால் ஒரே தேதி இல்லை. உலகின் எல்லா நாடுகளும் கையெழுத்திட்டன, ஓசோன் படலமும் தேறி வருகிறது. 2016இல் கிகாலியில் அதே உடன்படிக்கைக்குள் ஆர்-410ஏ மாதிரியான வாயுக்களையும் கொண்டுவந்தார்கள். அங்கேயும் அப்படியே: பணக்கார நாடுகள் 2019இல் குறைக்கத் தொடங்க வேண்டும், வளரும் நாடுகளில் பெரும்பாலானவை 2024இல் உச்சவரம்பு, இந்தியா உள்ளிட்ட கடும் வெப்ப நாடுகள் சில 2028இல்.

கரியமில வாயுவுக்கு இதே தத்துவம் 1992 ரியோ மாநாட்டிலேயே எழுதப்பட்டது. "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்" என்ற சொற்றொடர் அங்கே வந்ததுதான், அவரவர் திறனுக்கேற்ப என்ற ஒட்டுடன். ஒரு வாசகத்துக்குள் இரண்டு தரப்பின் சண்டையையும் கட்டிப்போட்டார்கள். பணக்கார நாடுகள் "பொதுவான" என்பதை உரக்கப் படிக்கும், ஏழை நாடுகள் "வேறுபட்ட" என்பதை.

1997 கியோட்டோவில் பணக்கார நாடுகளுக்கு மட்டும் இலக்கு வைத்தார்கள். வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத ஒப்பந்தம் எதுவும் வேண்டாம் என்று அமெரிக்க செனட் அந்த மாநாட்டுக்கு முன்பே 95-0 என்று தீர்மானம் போட்டுவிட்டது. அமெரிக்கா கடைசிவரை ஏற்கவில்லை, கனடா 2011இல் விலகுவதாக அறிவித்தது. 2015 பாரிஸில் தலைகீழாக மாற்றினார்கள்: எல்லா நாடுகளும் உறுதிமொழி தர வேண்டும், எவ்வளவு என்பதை அவரவரே முடிவு செய்யலாம். கோயில் உண்டியல் மாதிரி. எவ்வளவு போட்டீர்கள் என்று யாரும் கையைப் பிடிக்க முடியாது.

பணக் கதை இன்னும் மோசம். 2009 கோபன்ஹேகனில் 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்தத் தொகையை முதன்முதலில் எட்டியது 2022இல், அதிலும் பெரும்பகுதி கடன். வீட்டைக் கொளுத்தியவரே தண்ணீர் வாங்க வட்டிக்குக் கடன் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் பாகுவில் 2035க்குள் 30,000 கோடி என்று உயர்த்தினார்கள். வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி.

---

சந்தேகப்பேர்வழி

அப்படியானால் மாண்ட்ரியலில் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? நல்லெண்ணம் அங்கே மட்டும் இருந்ததா?

---

வழக்காடி

நல்லெண்ணம் இல்லை சார், தயாரித்தவர்கள் கொஞ்சம் பேர். ஓசோனை அரித்த வாயுவைச் செய்த ரசாயனக் கம்பெனிகளை விரல்விட்டு எண்ணலாம், மாற்று வாயுவையும் அவர்களே விற்க முடிந்தது. நிலக்கரியும் எண்ணெயும் அப்படியா? அவை இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது என்ற நிலையில் உலகத்தைக் கட்டி வைத்திருக்கிறோம். இப்போதுதான் அது கொஞ்சம் அசைகிறது. சூரிய மின்சாரத்தின் அடக்க விலை 2010இலிருந்து 2019க்குள் 85 சதவீதம் இறங்கியது. மாற்று மலிவானால் நியாயம் பேசுவதும் சுலபமாகிவிடும் என்பதை ஒரு வக்கீலாகக் கொஞ்சம் வருத்தத்துடன்தான் ஒப்புக்கொள்கிறேன்.

---

தனிமரம்

நான் கேட்பது இதுதான். சிறிய நாடு ஒன்று, உலக வெளியேற்றத்தில் அரை சதவீதம். "நான் நிறுத்தினால் என்ன ஆகிவிடும், சீனா நிறுத்தட்டும்" என்றால் என்ன பதில்?

---

கணக்கன்

2 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நாடுகளையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வருகிறது, அதாவது இன்னொரு சீனா. சீனாவையும் மாகாணம் மாகாணமாகப் பிரித்தால் ஒவ்வொரு மாகாணமும் "நான் சின்னவன்தானே" என்று சொல்லலாம். ராஜா குளத்தில் ஆளுக்கு ஒரு குடம் பால் ஊற்றச் சொன்ன கதை தெரியும் அல்லவா? விடிந்ததும் குளம் முழுக்கத் தண்ணீர்.

ஆனால் அந்தக் கதையிலும் ஒரு ஓட்டை உண்டு. ராஜா எல்லோரிடமும் ஒரே அளவு குடம் கேட்டார். மாடே இல்லாத வீட்டிலும்.

---

மட்டுறுத்துநர்

சீனாவா அமெரிக்காவா என்று நடந்த பதினொரு பதிவுகளை வேறு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். வசவு இல்லாமல் அங்கே தொடரலாம்.

---

வழக்காடி

ஒன்று விட்டுப்போனது, மாலைவெயில் மகளுக்காக எழுதுகிறேன். 2019இல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சட்ட மாணவர்கள் 27 பேர், வனுவாட்டுவில் படித்துக்கொண்டிருந்தவர்கள், "இதை ஏன் சர்வதேச நீதிமன்றத்தில் கேட்கக் கூடாது?" என்று தொடங்கினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது, 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஒருமனதாக நீதிமன்றத்துக்கு அனுப்பியது, தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகள் வாதிட்டன. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள்: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம். அது ஆலோசனைக் கருத்துதான், கட்டாயப்படுத்தும் தீர்ப்பு அல்ல. ஆனால் இனி எந்த நீதிமன்றத்திலும் "இது கடமையே இல்லை, கருணை" என்று வாதிடுவது கஷ்டம். 27 மாணவர்கள், உங்கள் மகளைவிடப் பெரியவர்கள்தான், ரொம்பப் பெரியவர்கள் அல்ல.

---

மாலைவெயில்

எல்லோருக்கும் நன்றி. மகள் அந்த வரியை அடித்துவிட்டாள். அந்த இடத்தில் "பாட்டியின் பங்கும் எங்கள் வீட்டு ஏசியின் பங்கும் ஒன்றல்ல" என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியருக்குப் பிடிக்குமா தெரியவில்லை. பரிசு கிடைக்காது என்று அவளே சொல்கிறாள், மரம் நடுவது இப்போது ஒரே இடத்தில்தான் வருகிறது என்பதால்.

---

சந்தேகப்பேர்வழி

மணி அண்ணே, தனியாகக் கேட்கலாம் என்றிருந்தேன், பரவாயில்லை, இங்கேயே கேட்கிறேன். எங்கள் வீட்டு ஏசிக்கு மூன்று வருடமாக ஒவ்வொரு கோடையிலும் கேஸ் போடுகிறேன். அப்படியானால் அது கசிகிறதா?

---

கூலிங்மணி

கசியாமல் எப்படிக் குறையும் சார்? ஏசியை நிறுத்திவிட்டு, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு அவுட்டோர் யூனிட்டுக்குப் பக்கவாட்டில் பாருங்கள். செம்புக் குழாய் இரண்டு வந்து சேரும் இடத்தில் பித்தளை நட்டு இரண்டு இருக்கும். கேஸோடு கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தே சுற்றும், அதனால் கசிகிற இடத்தில் பிசுக்கு படிந்து தூசி ஒட்டியிருக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் சோப்பு நுரையைத் தடவிவிட்டுக் காத்திருங்கள்.

---

சந்தேகப்பேர்வழி

மாடியிலிருந்து எழுதுகிறேன். மேல் நட்டு சுத்தமாக இருக்கிறது. கீழ் நட்டு கறுப்பாகப் பிசுபிசு என்று இருக்கிறது, நுரை வைத்தால் மெதுவாக ஒரு முட்டை விடுகிறது. ஸ்பானர் இருக்கிறது, நானே இறுக்கிவிடவா?

---

கூலிங்மணி

வேண்டாம், தொடாதீர்கள். நட்டுக்குள் இருக்கும் ஃப்ளேர், அதாவது குழாயின் விரித்த வாய், விரிசல் விட்டிருந்தால் இறுக்கினால் இன்னும் கிழியும். வெட்டிப் புதிதாக ஃப்ளேர் போட வேண்டும். ஏசி இன்னும் ஓடுகிறது அல்லவா? அப்படியென்றால் கழற்றுவதற்கு முன் பம்ப் டவுன் செய்யச் சொல்லுங்கள். வருகிறவர் "அதெல்லாம் எதுக்கு சார்" என்பார். பக்கத்திலேயே நில்லுங்கள்.